ஸ்ரீவில்லிபுத்தூரில் வாங்கும் மாத்திரை

கிரேஸ் என்ற பெண் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தும், உடல் எடை குறைக்கும் கேப்ஸ்யூல் ஒரு டப்பாவை என் கையால் எடுத்து அவரிடம் கொடுத்தேன். டாக்டர் சீட்டு இல்லை. நானும் கேட்கவில்லை. தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் பர்ஸைத் திறந்தபோது அந்த மாத்திரை அட்டையை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக நிற்க வந்திருக்கிறீர்கள். உங்கள் சங்கத்துக்காரர்கள் என்னை எழுதச் சொன்னபோது, நாற்பது ஆண்டுத் தொழிலில் பெருமையாகச் சொல்ல எனக்கு நிறைய இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். இருக்கிறது. கையெழுத்து புரியாத சீட்டை ஊகித்து மருந்து கொடுத்ததில்லை. காலாவதியான ஓர் அட்டைகூட என் அலமாரியில் நின்றதில்லை. ஆனால் என் தொழிலில் எதற்காக நான் இன்று தலை நிமிர்ந்து நடக்கிறேனோ, அது இந்தத் தவறிலிருந்துதான் வந்தது. அதனால் இதையே எழுதுகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, குழந்தைக்கு இருமல் மருந்து எல்லாவற்றையும் இராஜபாளையத்துக்காரர் இராஜபாளையத்தில் வாங்குவார். மனசுக்கான மாத்திரையை மட்டும் டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் வாங்குவார். ஸ்ரீவில்லிபுத்தூர், சுந்தரபாண்டியம் ஆட்கள் அதே மாத்திரைக்கு நம் ஊருக்கு வருவார்கள். சொந்த ஊர்க் கடையில் நின்று அந்தப் பெயரைச் சொன்னால், பக்கத்தில் சோப்பு வாங்க நிற்கிறவர் காதில் விழும். அவர் வீட்டுக்குப் போவதற்குள் தெருவுக்கே தெரியும். அதற்குப் பயந்துதான்.

எனக்கு முதல் வேலை கொடுத்த முதலாளி சொல்லுவார்: வாங்க வந்தவர் பையைப் பார்க்காதே, எதற்கு மாத்திரை என்று கேட்காதே. வெளியூர் ஆட்கள் என் கடையைத் தேடி வந்ததே நான் அப்படி இருந்ததால்தான். கேள்வி கேட்காத கடை என்று எனக்குப் பேர். அந்தப் பேரை நான் மிகவும் ரசித்தேன்.

கிரேஸ் நம் ஊரில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். நாற்பதை ஒட்டிய வயது. கணவர் தேவராஜுக்குச் சோழபுரத்தில் நிலம். வீடு இராஜபாளையத்தில், மாமியாரும் கூடவே. இரண்டாவது பிரசவத்தில் குழந்தை தங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த நேரத்து மருந்துகள் என் கடையில்தான் வாங்கினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அவரை நான் பார்க்கவே இல்லை. பிறகு திடீரென்று ஒருநாள் பழைய சிரிப்போடு வந்து நின்றார். ஏதோ ஒன்று அவரை எழுப்பி நிறுத்தியிருக்கிறது என்று அப்போதே தோன்றியது. என்னவென்று நான் கேட்கவில்லை.

நான் சொல்லும் அன்று காலை கடையில் நல்ல கூட்டம்.

“அண்ணாச்சி, ஒடம்பு எளைக்க ஒரு மூலிகை டப்பா வச்சிருக்கீகள்லா, அது ஒண்ணு குடுங்க. எங்க கம்பெனில ரெண்டு பேரு வாங்கிட்டுப் போனாக.”

“யாருக்கு?”

“எனக்குத்தான். பாத்தா தெரியலியாக்கும்? ரோல் போடுற மிஷினுக்கும் செவத்துக்கும் நடுவுல போக முடியல. மேடம் வாராக, மிஷினத் தள்ளிப் போடுங்கடீன்னு புள்ளைக சிரிக்குதுக.”

நானும் சிரித்தேன். டப்பாவை எடுத்தேன். பச்சை மூடி, மேலே இலைகள் படம், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு நாலைந்து மூலிகைப் பெயர்கள். கொண்டு வந்த விற்பனைப் பிரதிநிதி, முழுக்க மூலிகை என்றார். நான் பி.பார்ம் படித்தவன். ஒரு வாரத்தில் எடை குறையும் என்று எந்த மூலிகை டப்பா சொன்னாலும் உள்ளே வேறு ஏதோ இருக்கலாம் என்று சந்தேகப்படும் அளவுக்குப் படித்தவன். சந்தேகப்படவில்லை.

அவர் பர்ஸைத் திறந்தார். உள்ளே மடித்து வைத்த அட்டையின் ஓரம் தெரிந்தது. பெயர் உள்பக்கம் போகும்படி மடித்திருந்தார். நமக்குப் பெயர் எதற்கு? தாளின் நிறமும் மாத்திரை உட்காரும் வரிசையும் போதும். எஸ்சிட்டலோபிராம். மனச்சோர்வுக்கு இன்று அதிகம் எழுதும் மாத்திரை. இதுதான் இவரை எழுப்பி நிறுத்தியது என்று அந்த நொடியில் புரிந்தது. காலண்டரைப் பார்த்தேன்.

“பக்க விளைவு ஒண்ணும் வராதே?”

“மூலிகைதான். ஒண்ணும் செய்யாது.”

டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் போகாமல் செத்த நேரம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வேற எது சாப்பிட்டாலும் இதையும் சேத்து எடுத்துக்கிடலாம்லா அண்ணாச்சி?”

நான் கேட்பதற்கு அவரே கதவைத் திறந்து விட்டிருக்கிறார். “என்ன சாப்பிடுறீங்க, செத்த உள்ள வந்து சொல்லுங்க” என்று ஒரு வார்த்தை நான் சொன்னால் போதும். அடுத்த ஆள் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார். நான் பெரிய மனிதத்தனமாக ஒன்றையும் கவனிக்காதவன்போல் சொன்னேன்:

“தாராளமா.”

அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ முறை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அது நான் சொன்னதுதான்.

ஆறாம் நாள் மதியம் தேவராஜ் வந்தார். ஒரு நர்சிங் ஹோமில் எழுதிக் கொடுத்த சீட்டு கையில். அங்கே இல்லாத மருந்தை வீட்டு ஆட்கள்தான் வெளியே வாங்கிப் போக வேண்டும்.

“கிரேஸுக்கு நேத்து ராத்திரியில இருந்து காச்சல் அண்ணாச்சி. வேர்த்துக் கொட்டுது. ஒரு எடத்துல படுக்க மாட்டேங்கா. காலு ரெண்டும் வெட்டி வெட்டி இழுக்கு. டெங்குவா இருக்கும்னு அம்மா சொல்லுதாக. எங்க தெருவுல நாலு பேருக்கு இருக்கு.”

சீட்டை வாங்கிப் பார்த்தேன். குளுக்கோஸ், காய்ச்சலுக்கு ஒன்று, உடம்பு வலிக்கு டிராமடால் ஊசி.

எழுதிய டாக்டர்மேல் குற்றம் இல்லை. அவருக்குத் தெரிந்த வரைக்கும் காய்ச்சலும் உடம்பு வலியுமாக ஒரு பெண் வந்திருக்கிறார். டிராமடால் வெறும் வலி மருந்து மட்டும் இல்லை என்பது நமக்குத் தெரியும். எஸ்சிட்டலோபிராம் உடம்பில் எந்தச் சரக்கைக் கூட்டுகிறதோ, அதே செரோட்டோனினை இதுவும் கூட்டும். வேர்வை, நடுக்கம், காய்ச்சல், கால் வெட்டி இழுப்பது. பாடப்புத்தகத்தில் ஒரே பத்தியில் இருப்பதை இந்த மனிதர் சோழபுரத்துப் பேச்சில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த டப்பாவுக்குள் என்ன இருந்தது என்று அப்போதுதான் யோசித்தேன். முன்பு எடை குறைக்க விற்றுப் பிறகு தடை செய்த சிபுட்ரமின் என்ற மருந்தை இப்படிப்பட்ட மூலிகைக் கேப்ஸ்யூல்களில் கலக்கிறார்கள் என்று நான் படித்திருந்தேன். அதுவும் அதே சரக்கைக் கூட்டுவதுதான்.

இதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் என் நினைவுக்கு வந்தது கிரேஸின் உயிர் இல்லை. கடைச்சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்த என் லைசென்ஸ். சீட்டை மடித்து, “டிராமடால் ஸ்டாக் இல்லை” என்று அனுப்பியிருக்கலாம். அந்த ஊசியை அவர் வேறு கடையில் வாங்கியிருப்பார். அந்த எண்ணம் எனக்கு வந்தது. எவ்வளவு நேரம் இருந்தது என்று தெரியாது. தேவராஜ், “அண்ணாச்சி?” என்று கூப்பிட்ட பிறகுதான் போனது.

“ஊசி எடுக்கலை. நானே வாரேன். வண்டியை எடுங்க.”

“நீங்க எதுக்கு?”

“டாக்டர்ட்ட ஒரு விசயம் பேசணும்.”

போகும் வழியெல்லாம் அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. மருந்துக்கடைக்காரரே கிளம்பி வருகிறார் என்றதும் பயந்திருப்பார். வண்டி ஓட்டியபடி தானாகவே பேசினார். “ரெண்டு வருசமா நல்லாத்தான் இருந்தா அண்ணாச்சி. அந்தப் புள்ளைக்குப் பொறவு ஒடிஞ்சு போயிருந்தவ, தானா சரியாயிட்டா. கர்த்தர் குடுத்தது.” அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு நான் ஆமாம் என்றேன்.

சீட்டு எழுதிய ட்யூட்டி டாக்டர் ஒரு சின்னப் பெண். என் வயதில் பாதிகூட இராது. அவர் பெயரை நான் இன்றுவரை கேட்கவில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. அன்றைக்கு அவர் செய்ததைப் பார்த்து நான் கற்றது கல்லூரி நாலு வருடத்தில் கற்றதைவிடப் பெரிது. அவரைத் தனியாகக் கூப்பிட்டு, டிராமடால் வேண்டாம் என்றேன். யார் நீங்கள், எதற்கு வேண்டாம் என்று கேட்டார். சொன்னேன். என் கடையில் வாங்கிய கேப்ஸ்யூல் என்றும் சொன்னேன். அவர் முகத்தில் என்மேல் கோபம் வரும் என்று பார்த்தேன். அதற்கு அவருக்கு நேரம் இல்லை.

“வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாங்களான்னு மூணு தடவை கேட்டுட்டேன். இல்லவே இல்லைங்கிறாங்க. நீங்க பார்த்தது நிச்சயமா?”

“நிச்சயம்.”

நேராகக் கட்டிலுக்குப் போனார். கிரேஸின் ஒரு பாதத்தைப் பிடித்துச் சட்டென்று மேல்நோக்கி அழுத்தினார். பாதம் தானாகத் துடித்தது, தையல் மெஷின் ஊசிபோல, நிற்காமல். செரோட்டோனின் கூடிப்போனதற்கு அது அடையாளம். டாக்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு மாமியாரிடம், “அம்மா, ஃபிளாஸ்க்ல வெந்நீர் வாங்கிட்டு வாங்க” என்றார். தேவராஜிடம், “லேப்ல ரிசல்ட் வந்தாச்சான்னு பாருங்க” என்றார். இரண்டும் அவசரமில்லாத வேலை. அவர்கள் போனதும் திரையை இழுத்துவிட்டார். ஒரு ரகசியத்தைக் காப்பாற்றிக்கொண்டே ஒரு கேள்வியைக் கேட்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

“இப்ப யாரும் இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“ஒண்ணுமில்ல மேடம்.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பேச வேண்டிய இடம். “கிரேஸ், உங்க பர்ஸ்ல நான் பாத்தேன்” என்றேன்.

வேர்த்து நனைந்த முகத்தை அவர் என் பக்கம் திருப்பினார். கண்மணி இரண்டும் பெரிதாக விரிந்திருந்தன. பல் நடுக்கத்தில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன.

“பாத்தீகளா? அப்ப அன்னிக்கே கேட்டிருக்கலாம்லா, அண்ணாச்சி.”

பிறகு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னார். இரண்டு வருடமாக அந்த மாத்திரை. மாதம் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூர் மனநல டாக்டர், அங்கேயே கடை. எடை கூடியது அதனால்தானோ என்று மாத்திரையை விட்டுவிட நினைத்தாராம். பழைய நிலைமை திரும்பிவிடுமோ என்ற பயத்தில் அதை விடாமல் எடைக்கு வேறு ஒன்றைத் தேடியிருக்கிறார். நாலு நாள் ஒவ்வொரு கேப்ஸ்யூல். சீக்கிரம் குறையட்டும் என்று ஐந்தாம் நாள் இரண்டு.

அவர் செய்ததில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. மாத்திரையை விடக்கூடாது என்று புரிந்து வைத்திருந்தார். சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்கவும் செய்தார். படித்த மனிதனிடம்தான் கேட்டார்.

“சைப்ரோஹெப்டடின் மாத்திரை வேணும். இங்க இல்லை. உங்ககிட்ட இருக்கா?” என்றார் டாக்டர்.

நீங்களே சொல்லுங்கள், அது இல்லாத கடை உண்டா? பிள்ளை சாப்பிட மாட்டேன் என்கிறான், பசி எடுக்க ஏதாவது கொடுங்கள் என்று அம்மாக்கள் கேட்டு வாங்கும் மருந்து. கூடிப்போன செரோட்டோனினை எதிர்த்து நிற்பதும் அதுதான். உடம்பு எளைக்க ஒரு டப்பாவை விற்று ஒரு பெண்ணைக் கட்டிலில் தள்ளியவன், உடம்பு தேற விற்கும் மாத்திரையைத் தேடி ஓடினேன். அறுபத்து மூன்று வயதில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைத்தெருவில் ஓடியதைப் பார்த்தவர்கள் எங்கே தீ என்று கேட்டார்கள்.

மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்சைச் சொல்லி வைத்துவிட்டு டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். இரண்டு மருந்தையும் நிறுத்தினார்கள். உடம்பைக் குளிர வைத்தார்கள், நடுக்கம் அடங்க ஊசி போட்டார்கள், நான் கொண்டு வந்த மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் வேர்வை நின்றது. பொழுது அடையும்போது டாக்டர் மறுபடி பாதத்தை அழுத்திப் பார்த்தார். இரண்டு துடிப்பு, பிறகு நின்றது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் கிரேஸே கணவரிடம் சொல்லிவிட்டார். டாக்டர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மதியம் தேவராஜ் கடைக்கு வந்தார். வாங்க நின்றவர்கள் போகும்வரை ஓரமாக நின்றார்.

“ரெண்டு வருசமா எம்பொண்டாட்டி மாத்திரை முழுங்குதா. கட்டுன எனக்குத் தெரியல. கடைக்காரர் ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“ஒரே ஒருநாள்தான் பாத்தேன் தேவராஜ்.”

“ஒருநாளு போதாதா? எனக்கு அந்த ஒருநாளும் இல்லியே.” அவர் அழுதாரா என்று சொல்ல முடியவில்லை. முகத்தைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். “மாத்திரை சாப்பிட்டதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. எங்கிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரலன்னு நெனைக்கத்தான் என்னமோ மாதிரி இருக்கு.”

அவர் போன பிறகு, மீதியிருந்த டப்பாக்களை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். நான் விற்றது இது, நடந்தது இது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, “யாரும் புகார் குடுக்கலையே சார்?” என்றார். “நான்தான் குடுக்கேன்” என்றேன். பரிசோதனையில் சிபுட்ரமின் இருந்தது. அந்தச் சரக்கை எல்லாக் கடைகளிலிருந்தும் எடுத்தார்கள். என் உரிமத்தைக் கொஞ்ச நாளுக்கு நிறுத்தி வைத்தார்கள். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்ன அண்ணாச்சி, பெயிண்ட் அடிக்கீகளா?” என்று தெருவில் போனவர் கேட்டார்.

“இல்ல. தப்பா மருந்து குடுத்தேன். மூடச் சொல்லிட்டாக.”

அப்படியே எல்லோரிடமும் சொன்னேன். யாருக்குக் கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. சிலர் வேறு கடை பார்த்துக்கொண்டார்கள்.

கிரேஸ் வீட்டுக்கும் போனேன். வாசலில் நின்று, உங்கள் அட்டையைப் பார்த்துவிட்டுத்தான் தாராளமா என்று சொன்னேன், மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. “கேட்டுக்கிட்டேன் அண்ணாச்சி” என்றார். அவ்வளவுதான்.

அடுத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே கிரேஸ் மாத்திரை வாங்கும் கடை கோபால்சாமியுடையது. என் வயதுக்காரர், தொழிலில் போட்டிக்காரர், நாக்கு கொஞ்சம் நீளம். நடந்ததை ஆள் பெயர் சொல்லாமல் சொன்னேன்.

“ஓய், நானும் கேக்கிறதில்ல” என்றார். “ஒம்ம ஊரு ரகசியத்தை நான் விக்கேன். எங்க ஊரு ரகசியத்தை நீரு விக்கீரு. நடுவுல பஸ்காரனுக்குத்தான் எல்லாம் தெரியும்.”

இரண்டு பேரும் அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தோம். ஒரு சின்ன மஞ்சள் கார்டு அச்சடித்தோம், பர்ஸில் பணத்துக்குப் பின்னால் நிற்கும் அளவு. அதில் நோயின் பெயர் இருக்காது, ஊர் இருக்காது. சாப்பிடும் எல்லா மருந்தும் வரிசையாக இருக்கும். எந்த ஊரில் வாங்கினாலும் அந்தக் கடைக்காரர் ஒரு வரி சேர்ப்பார். கார்டு வாங்குபவரிடமே இருக்கும். எங்களிடம் நகல் கிடையாது. கூடவே ஒரு கேள்வி: “இங்க வாங்காத மருந்து, கஷாயம், பவுடர் ஏதாவது சாப்பிடுறீங்களா?” சந்தேகப்படுகிறவரிடம் மட்டும் கேட்டால் அவர் கூசிப்போவார். அதனால் எல்லோரிடமும் கேட்பது. வாயு மாத்திரைக்கு வந்தாலும், பஞ்சு வாங்க வந்தாலும் கேட்பது. பதில் சொல்லத் தயங்கினால் உள்ளே கூப்பிட்டு, பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவே போட்ட நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்பது.

எங்களைக் கேலி செய்யாதவர் இல்லை. “அண்ணாச்சி கடைல தலைவலி மாத்திரை வாங்கணும்னா ரேசன் கார்டு, ஆதாரு எல்லாம் எடுத்துட்டுப் போங்கலே” என்று பஸ் ஸ்டாண்ட் வரை பேச்சு. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எத்தனை பேர் எத்தனை பொட்டலங்களைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்கள் தெரியுமா? தூக்க மாத்திரை, ஆன்லைனில் வாங்கிய பவுடர், தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கேப்ஸ்யூல். கேள்வி கேட்காத கடை என்று வாங்கிய பேரைவிட, கேள்வி கேட்கிற கடை என்று வாங்கிய இந்தப் பேர்தான் எனக்குப் பெரிது. இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கிரேஸ் மட்டும் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் இரண்டு வாரம் பொறுத்து அதே மாத்திரையைத் திரும்பத் தொடங்கினார் என்றும், கிரேஸ் மறுபடி வேலைக்குப் போகிறார் என்றும் தேவராஜ் ஒருமுறை வழியில் பார்த்துச் சொன்னார். இதை நன்றாகக் கவனியுங்கள். தவறு அந்த மாத்திரையில் இல்லை. ஆபத்து என்றதும் முதலில் அதைத்தான் எல்லோரும் நிறுத்தச் சொல்வார்கள். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி வேலைக்கு அனுப்பியது அது. அதனோடு எதைச் சேர்க்கிறோம் என்பதில்தான் நம் வேலை இருக்கிறது.

கிட்டத்தட்ட இரண்டு வருடம் கழித்து, நான் கடையை என் மருமகளிடம் ஒப்படைக்கத் தயாராகிக்கொண்டிருந்த சமயம், ஒருநாள் சாயங்காலக் கூட்டத்தில் கிரேஸ் வந்து நின்றார். கையில் மதுரை சர்க்கரை டாக்டரின் சீட்டு. எடைக்கு வாரம் ஒருமுறை வயிற்றில் போட்டுக்கொள்ளும் பேனா ஊசி, இப்போது எல்லோரும் பேசுகிறார்களே, அது. முழங்கால் வலி, சர்க்கரை வரும் நிலை என்று எழுதியிருந்தது.

சீட்டை வாங்கினேன். எத்தனையோ பேரிடம் நாள் முழுவதும் கேட்கும் கேள்வி, அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வரவில்லை. திரும்பி ஃபிரிட்ஜைத் திறந்தேன்.

அன்று நடந்த மீதியைச் சொல்வதற்கு முன், அதன் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதைத்தான் நீங்கள் தொழிலுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசியைக் கொடுப்பதற்கு முன் இரண்டு டாக்டர்களுக்கும் கிரேஸை வைத்துக்கொண்டே போன் செய்தேன். சர்க்கரை டாக்டருக்கு அவர் அந்த மாத்திரை சாப்பிடுவது தெரிந்திருந்தது. இந்தத் தடவை கிரேஸே சொல்லியிருக்கிறார். அந்தக் கேப்ஸ்யூல்போல இது மாத்திரையோடு மோதாது, ஆனால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் மனநல டாக்டர். மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவது. வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால் உடனே சொல்வது. மனசு மங்குவதுபோல இருந்தால், அது ஊசியாலா வேறெதனாலா என்று தானே முடிவு செய்யாமல் அன்றே அவரைக் கூப்பிடுவது. எடை குறைந்த சந்தோஷத்தில் இனி மாத்திரை எதற்கு என்று தானாக விட்டுவிடாமல் இருப்பது. மூன்றாம் மாதம் அளவைக் கூட்டியபோது இரண்டு நாள் வாந்தி இருந்தது. கிரேஸ் போன் செய்தார், டாக்டர் அளவைக் குறைத்தார், மாத்திரை ஒருநாளும் தவறவில்லை. எடை மெதுவாக இறங்கியது. ரோல் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே இப்போது போக முடிகிறதாம். மாத்திரையை இன்னும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் வாங்குகிறார். மறைக்கவா என்று கேட்டால், “இல்ல, பஸ்ஸுக்குப் பழகிட்டேன்” என்கிறார்.

அன்று சாயங்காலம் நான் ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பின்னாலிருந்து அவர் குரல் வந்தது. கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்கிற குரல்.

“எல்லார்ட்டயும் ஒரு கேள்வி கேப்பீகளாமே அண்ணாச்சி. எங்கிட்ட கேக்கல?”

திரும்பினேன். கவுண்டர்மேல் மஞ்சள் கார்டு இருந்தது, கோபால்சாமியின் கோணல் எழுத்தில் ஒரு வரியோடு. பக்கத்தில் மாத்திரை அட்டை. இந்தத் தடவை மடிக்காமல், பெயர் மேலே தெரியும்படி. கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு தேவராஜும் உள்ளே வந்துகொண்டிருந்தார். சோப்பு வாங்க நின்ற பெண்மணி எட்டிப் பார்த்தார். கிரேஸ் அட்டையை மூடவில்லை.

கேட்டேன். இங்க வாங்காத மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களா என்று, அவர் முகத்தைப் பார்த்து, முழுசாகக் கேட்டேன். அவர் மாத்திரையின் பெயரை, எத்தனை வருடமாக, எவ்வளவு என்று ஒன்று விடாமல் சொன்னார். போன் பேசி முடித்து, கோபால்சாமியின் வரிக்குக் கீழே என் எழுத்தில் ஊசியின் பெயரை எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துப் பார்த்து, பர்ஸில் வைத்தார்.

ஐஸ் பையோடு ஊசியை வாங்கிக்கொண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்கு எதிரே வாயு மாத்திரைக்கு ஒரு பெரியவர் காத்திருந்தார்.

“அண்ணாச்சி, அடுத்த ஆளு நிக்காக” என்றார் கிரேஸ். “கேளுங்க.”